உருளை இலைத் தக்காளி

மார்ச் இரண்டாம் நாள் காலையில் எழுந்ததும் ஜன்னலுக்குக் கீழே ஓடும், கட்டடம் முழுவதையும் சூடாக்கும் வெப்பக் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். சில்லிட்டுக் கிடந்தது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி. குழாய்க்கு மேலே, ஜன்னல் மேடையில், பாதியாக வெட்டிய பால் அட்டைப்பெட்டிகளில் ஒன்பது தக்காளி நாற்றுகள் நின்றன. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் உயரம். தீஹனின் தக்காளியில் எஞ்சியிருந்தவை அந்த ஒன்பதுதான். அவை செத்தால் அந்த இனமே செத்தது.

தீஹன் என் கணவர். வார்ப்பாலையில் இருபத்தாறு ஆண்டுகள் உருக்கு ஊற்றினார். ஆலை அவருக்குத் திருப்பிக் கொடுத்தவை இரண்டு: நுரையீரல் நிறையத் தூசி, ஆலை கொட்டிய கசடு மேட்டுக்குப் பின்னால் ஒரு துண்டுத் தோட்டம். எங்கள் ஊரில் ஜூன் பத்தாம் தேதி வரை உறைபனி விழும். ஆகஸ்டு பிறந்ததும் கருகல் நோய் வரும். நடுவில் கிடைக்கும் ஐம்பது நாளில் திறந்த வெளியில் பழுக்கிற தக்காளி எந்தக் கடைப் பொட்டலத்திலும் கிடையாது. பதினாறு கோடைகள் தீஹன் முதலில் பழுத்த பழத்தையே விதைக்கு விட்டார். நோய் தொட்ட செடியை ஈவிரக்கமின்றிப் பிடுங்கி எறிந்தார். கடைசியில் அவர் தேடிய செடி அவருக்கு வாய்த்தது. உருளைக்கிழங்குச் செடியினுடையதைப் போன்ற அகன்ற இலை, விளிம்பில் பல்வெட்டே கிடையாது. பழம் கருஞ்சிவப்பு, உடைத்தால் சதை சர்க்கரை போல் மினுங்கும். கருகல் வருமுன்பே பழுத்துவிடும் அவசரம் அதற்கு. ஆலை ஊதியம் கொடுக்க மறந்த மூன்று குளிர்காலங்களில் எங்கள் மேசையில் இருந்தது உருளைக்கிழங்கும், ஜாடியில் உப்பிட்ட அந்தத் தக்காளியும்தான்.

யாராவது நாற்றுகளைச் சுற்றி வட்டமிட்டால், "இன்னும் முடியல. இன்னும் ஒரு கோடை போகட்டும், எல்லாருக்கும் தரேன்" என்பார் தீஹன். ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்டு மாதத்தில், அவருடைய கோடைகள் முடிந்தன. விதை என் கைக்கு வந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆலையில் பளுதூக்கிக் கிரேன் ஓட்டியவள் நான். வேலைநிறுத்தத்தின்போது அதே பளுதூக்கியின் படியில் ஏறி நின்று ஆயிரம் பேருக்கு முன்னால் முழங்கியவள். "விளைத்தவன் வெறுங்கையோடு நிற்க, பதுக்கியவன் பசியாறுகிறான் என்றால், அந்தக் கிடங்கின் பூட்டு யாருடைய பாதுகாப்புக்கு, தோழர்களே?" என்று கேட்டவள், கைதட்டல் கூரையில் மோதி எதிரொலிக்கக் கேட்டவள். அப்படிப் பேசிய நான், அன்ஃபீசா சவேலியெவ்னா, ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒரு விதையைக்கூட வாசல் தாண்ட விடவில்லை. அண்டை வீட்டாருக்குத் தக்காளி கொடுத்தேன், உப்பிட்டே கொடுத்தேன். உப்பில் ஊறிய விதை முளைக்காது என்பது எனக்குத் தெரியும். ஆண்டுதோறும் புது விதையில் எனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு, மிச்சத்தை அடுப்பில் போட்டேன். செத்தவர் எனக்கென்று விட்டுப்போனது இது ஒன்றுதானே, இதையும் ஊருக்குப் பங்குபோட வேண்டுமா என்று என் மனம் கேட்டது. அந்தக் கேள்வியை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

எங்கள் ஊரில் நாற்றையும் விதையையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கிடைத்தால் நன்றி சொல்வதும் இல்லை. நன்றி சொன்னால் செடி பட்டுப்போகும், திருடி நட்டால் செழிக்கும் என்பார்கள். ஆகவே கொடுக்க மனமிருப்பவள் முதுகைத் திருப்பிக்கொள்வாள். வேண்டியவள் எடுத்துக்கொண்டு வாய் திறவாமல் போவாள். எனக்கு மேலே மூன்றாம் மாடியில் குடியிருக்கும் வெனேரா, என்னோடு ஆலையில் வேலை செய்தவள், ஒவ்வொரு வசந்தத்திலும் என் ஜன்னலருகே வந்து நிற்பாள்.

"சவேலியெவ்னா, கழுத்து வலிக்குதுன்னியே. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிப் பாரேன், சரியாப் போயிடும்."

"என் கழுத்து நேரா நிக்கத்தான் பழகியிருக்கு வெனேரா. டீ ஆறுது, குடி."

சிரித்துக்கொண்டே குடிப்பாள். மறு ஆண்டு மறுபடி வருவாள்.

போன ஆகஸ்டில் கசடு மேட்டுத் தோட்டங்கள் அத்தனையையும் யாரோ ஒரே இரவில் மொட்டையடித்தார்கள். காயைக்கூட விடவில்லை, செடிகள் வேரோடு கிடந்தன. விதைக்கென்று ஒரு பழம் மிஞ்சவில்லை. வீட்டில் இருந்தது ஒரு தீப்பெட்டி. தீஹன் தம் கையால் ஆண்டு எழுதி வைத்த கடைசித் தீப்பெட்டி, நினைவுக்காக வைத்திருந்தேன். உள்ளே நாற்பத்துமூன்று விதைகள், ஐந்து வயதுக் கிழ விதைகள். பாதியைப் போடு, பாதியை வை என்பது மண்ணைத் தொட்ட எவருக்கும் தெரிந்த அரிச்சுவடி. எனக்கும் தெரியும். ஆனால் அச்சம் வேறு கணக்குப் போட்டது: இந்த ஆண்டு பாதி முளைக்கவில்லை என்றால், மீதிப் பாதி அடுத்த ஆண்டு முளைக்கவா போகிறது? நாற்பத்துமூன்றையும் பனியுருகிய நீரில் நனைத்தேன். துணியில் முடிந்து நான்கு நாள் மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நடமாடினேன். நாட்காட்டித் தாள் வளர்பிறை என்று காட்டிய பிப்ரவரி நாளில், எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தின் ஒவ்வொரு சமையலறையிலும் ஒரே நேரத்தில் மண் கிளறப்பட்ட அந்த நாளில், நானும் விதைத்தேன். முளைத்தவை ஒன்பது.

அந்த ஒன்பதுக்குத்தான் இப்போது குளிர் வந்திருந்தது.

குடியிருப்பு அலுவலகத்தில் அறுபது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். மேலாளர் சூயெவ், ரோமத் தொப்பியைக் கழற்றாமலே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே, அடுத்த வாரம் வரப்போகும் மகளிர் நாளுக்காக, 'எங்கள் அன்புப் பெண்களுக்கு வாழ்த்து' என்று சிவப்புத் துணி தொங்கியது.

"எப்ப சூடு வரும்?"

"குழாய் வெடிச்சிருக்கு அன்ஃபீசா சவேலியெவ்னா. நாப்பது வருசத்துக் குழாய். பத்தவச்சுக்கிட்டு இருக்காங்க. நான் என்ன வாயால ஊதியா ஒட்டவைக்க முடியும்?"

"வாயால ஊதுறதைத்தானே நாலு வருசமா செய்யறீங்க. போன கோடையில இந்தக் குழாயை மாத்துறேன்னு சொன்னது யாரு, உங்க தொப்பியா?"

வரிசை சிரித்தது. சூயெவ் சிரிக்கவில்லை.

"குழந்தைங்களுக்குப் பள்ளிக்கூடத்துல படுக்கை போட்டிருக்கோம். வயசானவங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புறோம். உங்க வீட்ல எத்தனை பேருன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"பத்து."

"பத்தா? பதிவுல நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க?"

"மிச்சம் ஒன்பது தக்காளி நாத்து."

இம்முறை வரிசை என்னைப் பார்த்துச் சிரித்தது. "மனுசன் உறைஞ்சு சாகிறான், இந்தம்மாவுக்குத் தக்காளி!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எனக்குள் பழைய பளுதூக்கிக்காரி விழித்தாள். நாற்காலி ஒன்றில் ஏறினேன். நிலக்கரிக்கு மேலே குடியிருக்கிறோம், தோழர்களே, ஆனால் நம் குழந்தையின் மூச்சு சுவரில் பனியாகப் படிகிறது என்றேன். ஒருவர் வீட்டுக் குளிர் ஒருவருடையது என்று ஒதுங்கியிருக்கும் வரை ஒவ்வொருவராக உறைவோம் என்றேன். சிவப்புத் துணியைக் காட்டி, இந்த வாழ்த்தைக் கழற்றி எரித்தாலாவது கொஞ்சம் கதகதப்பு வரும் என்றேன். கைதட்டினார்கள். கையுறை போட்ட கைகள், ஓசை மந்தமாக இருந்தது. பிறகு கீழே இறங்கினேன். வீட்டுக்கு வந்து குழாயைத் தொட்டேன். அதே குளிர்.

நண்பகலுக்குள் கட்டடமே மின்னடுப்புகளைப் பொருத்த, படிக்கட்டு மின்பெட்டியில் கம்பிகள் கருகி, மின்சாரமும் போனது. நாற்றுகளை ஜன்னலிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். வெந்நீர்ப் புட்டிகளைச் சுற்றி அடுக்கினேன். தீஹனின் பஞ்சு வைத்த மேலங்கியைக் கூடாரமாகக் கவிழ்த்தேன். ஜன்னலோரம் இருந்த இரண்டு ஏற்கெனவே கண்ணாடி போலப் பச்சை மினுங்கித் துவண்டிருந்தன. உறைபனி கடித்த இலை அப்படித்தான் மினுங்கும்; அதன் பிறகு பிழைக்காது. ஏழு.

கதவு தட்டப்பட்டது. வெனேரா. சால்வைக்கு மேல் சால்வை போட்டு, கன்னமெல்லாம் கரியோடு நின்றாள்.

"ரஷீத் கொட்டகையிலிருந்து இரும்பு அடுப்பைக் கொண்டுவந்து மாட்டியிருக்காரு. புகைக்குழாயை ஜன்னல் வழியா வெளிய விட்டாச்சு. மாடி மொத்தமும் என் வீட்லதான் இருக்கு. வா."

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

"உதடு நீலமா இருக்குடி. நல்லா இருக்காளாம்!" அவள் என் தோளுக்கு மேலே எட்டி, மேசை மேலிருந்த மேலங்கிக் கூடாரத்தைப் பார்த்தாள். குரல் தணிந்தது. "அதுங்களையும் கொண்டா. ஜன்னல்ல வெயில் படுற இடமிருக்கு."

ஓர் அடி நகர்ந்து வாசலை அடைத்துக்கொண்டேன். ஏழு நாற்றுகளிலும் முளையிலைக்குப் பிறகு வரும் முதல் மெய்யிலை விரிந்திருந்தது. பல்வெட்டில்லாத அந்த இலையை ஒரு மாடி மக்கள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பார்கள். யாராவது ஒருத்தி என் முதுகு திரும்பும் நேரம் பார்ப்பாள்.

"என் நாத்துக்கு ஒண்ணும் ஆகல."

வெனேரா சால்வையை இழுத்துப் போர்த்தினாள். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

பெட்டிகளைச் சமையலறைக்குக் கொண்டுபோனேன். எரிவாயு மெலிந்து வந்துகொண்டிருந்தது. நான்கு வாய்களையும் பற்றவைத்தேன், கீழே உள்ள ஓவனையும் மூட்டித் திறந்துவிட்டேன். தீஹன் தம் வாழ்நாளில் ஒரு நாற்றையும் சமையலறைக்குள் விட்டதில்லை. "தக்காளிக்குக் கேஸ் ஆகாது, அன்ஃபீசா. மூக்குக்குத் தெரியாதது இலைக்குத் தெரியும்" என்பார். அது எனக்கு மறக்கவில்லை. மூடிய கதவு, நீலச் சுடர், ஏழு பெட்டிகள், அவற்றின் நடுவே ஸ்டூலில் நான். ஒரு ராத்திரிதானே, தாங்கும் என்று எனக்கு நானே சொற்பொழிவாற்றினேன். என் சொற்பொழிவுகளை எப்போதும் யாராவது நம்பினார்கள். அன்று நானே நம்பினேன்.

விடிந்தபோது ஏறக்குறைய எல்லா இலைகளும் கீழ்நோக்கி வளைந்து, பருந்தின் நகங்கள் போல் மடங்கியிருந்தன. தொட்டேன், இரண்டு நாற்றுகள் தண்டோடு கையில் வந்தன. பதறிப்போய் அடுப்பை அணைத்து ஜன்னல் மூலையைத் திறந்தேன். குளிர் உள்ளே பாய்ந்தது. மூடினேன். மறுபடி திறந்தேன். எரிவாயு கொல்லும், காற்றும் கொல்லும். அந்த ஜன்னலை எத்தனை முறை திறந்து மூடினேன் என்று எனக்கே தெரியாது. மாலைக்குள் மூன்று சரிந்தன. மூன்றாம் நாள் காலையில் ஆறாவதும் தண்டின் கழுத்தில் கறுத்து, நூலாக இளைத்துச் சாய்ந்தது.

ஒன்று நின்றது. இலை மடங்காத ஒன்று, மூலையில் இருந்த சிறியது.

அதற்கு மேல் என்னிடம் மானமும் இல்லை, மார்க்கமும் இல்லை. பெட்டியை மேலங்கிக்குள் மார்போடு சேர்த்து, பொத்தான்களை மாட்டி, இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு படியேறினேன். படிக்கட்டில் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்து பல ஆண்டுகள். பனித்தூள் படிகளில் கிடந்தது. வழுக்கியது. விழுந்துவிடுவேனோ என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஒவ்வொரு மாடியிலும் இன்னும் இறுக்கினேன்.

வெனேராவின் கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அடுப்பின் வயிற்றில் யாருடைய நாற்காலியோ எரிந்துகொண்டிருந்தது. அதே மாடி அர்செனி, ஓய்வுபெற்ற குழாய்க்காரர், காலுறைகளை உலர்த்திக்கொண்டே கூவினார்: "வாங்க பேச்சாளரம்மா! சூயெவை எரிச்சுட்டுத்தான் வருவீங்கன்னு நெனச்சோம், எரிச்சிருந்தா இந்த நாற்காலியாவது மிஞ்சியிருக்கும்!"

பொத்தான்களைக் கழற்றினேன். பெட்டியை வெளியே எடுத்தேன்.

நாற்று நடுவில் முறிந்திருந்தது. குளிர் அதைத் தொடவே இல்லை. என் கைகள்தான் நசுக்கியிருந்தன.

நான் அழவில்லை; அழுகை எங்கோ ஆழத்தில் கெட்டியாகிக் கிடந்தது. வெளிச்சம் வந்த திக்கில் தலையைத் திருப்பினேன், எதையும் பார்ப்பதற்காக அல்ல. அங்கே ஜன்னல் மேடையில் வரிசையாகப் பால் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு நாற்று. நாற்றுக்கு இரண்டு மெய்யிலைகள். அகன்ற இலைகள், விளிம்பில் வெட்டு இல்லாத இலைகள். உருளைக்கிழங்கு இலைகள்.

"திருடி!"

என் குரல்தான். "என் தோட்டத்தை மொட்டையடிச்சது நீதான்! வேரோட பிடுங்கிப் போட்டுட்டு, அடுப்பு வச்சு ஊருக்கு உபகாரம் பண்றியா? முந்தாநாள் என் வாசல்ல வந்து நின்னியே, எந்த முகத்தோட வந்த? தோழர்களே, பாருங்க, இதுதான்..."

"சவேலியெவ்னா," என்றார் அர்செனி மெல்ல, "இது மேடை இல்ல."

வெனேரா கரண்டியைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"திருடினேன். இல்லங்கல. ஆனா தோட்டத்துல இல்ல. தோட்டம் போனப்ப என்னோட உருளைக்கிழங்கும்தான் போச்சு. உன் மேசையில திருடினேன்."

"எந்த மேசை?"

"தீஹனை அடக்கம் பண்ணிட்டு வந்து சோறு போட்டியே, அந்த மேசை. அன்னிக்கு நீ நீயா இல்ல. ஜாடியைத் திறக்கல, தோட்டத்துல இருந்ததையெல்லாம் பறிச்சுப் பச்சையா நறுக்கி வச்ச. அன்னிக்கு ஒரு நாள்தான் உன் வீட்ல உப்புப் போடாத தக்காளி தின்னேன். ரெண்டு துண்டு. விதையைக் கைக்குட்டையில துப்பிக்கிட்டேன். அழுறதுக்குன்னு எடுத்துட்டுப் போன கைக்குட்டை."

"சாவுச் சோத்துலயா?"

"வேற எந்தச் சோத்துல நீ விட்ட?"

அடுப்பில் மரம் வெடித்தது.

"அஞ்சு வருசம்," என்றேன். "அஞ்சு வருசம் என் ஜன்னல்ல வந்து நின்னு கழுத்தைத் திருப்பச் சொன்னியே. கையில வச்சுக்கிட்டே கேட்டியா?"

"நீயாத் திரும்புவியான்னு பாத்தேன். திரும்பியிருந்தா சொல்லியிருப்பேன். சொல்லு, நானா வந்து சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

பொய் சொல்ல எத்தனையோ சொற்கள் என்னிடம் இருந்தன. அவை என்றைக்கும் எனக்குப் பஞ்சமில்லை.

"வந்து எல்லாத்தையும் பிடுங்கியிருப்பேன்."

"அதான். ஆத்துக்கு அந்தாண்ட என் தங்கச்சி தோட்டத்துல போட்டேன். இப்ப அந்தத் தெருவுல ஆறு வீட்ல இருக்கு."

"ஆறு வீட்டுலயா?" யாரோ நகர்த்திய மரப்பெட்டி மேல் உட்கார்ந்தேன். "என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்க?"

"தீஹன்னு. வேற என்ன பேர் சொல்லச் சொல்ற?"

அப்போதுதான் அழுதேன். முறிந்த நாற்றின் பெட்டி மடியில் இருந்தது. அதன் மண்ணை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைவில்லை. நிமிர்ந்தபோது வெனேரா எழுந்து, பானையருகே போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"சூப்பு பொங்குது," என்றாள் சுவரிடம். "நான் இதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எல்லாரும் சூப்பைப் பாருங்க."

பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள். அர்செனி தொப்பியை எடுத்துக் கண்களை மூடிக்கொண்டார்.

ஜன்னலுக்கு நடந்தேன். இரண்டு பெட்டிகளை எடுத்தேன். தடித்த தண்டு, ஊதா படிந்த கழுத்து, மேல்நோக்கி விரிந்த இலை. இந்த முறை இறுக்கவில்லை. கதவு வரை போனேன். கதவுக்கு அடியிலிருந்து வந்த காற்று கணுக்காலைக் கடித்தது. கீழே என் வீட்டில் ஒரு மேசை இருந்தது, நான்கு வாய் அடுப்பு இருந்தது, இவற்றை வைத்து நான் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஜன்னல் இருந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தேன். இரும்பின் குளிரில் விரல் ஒட்டியது.

திரும்பி வந்து, எடுத்த இடத்திலேயே இரண்டையும் வைத்தேன்.

"எடுத்துட்டியா?" என்றாள் வெனேரா, திரும்பாமல்.

"எடுத்துட்டேன்."

"எங்க வச்ச?"

"உன் ஜன்னல்ல."

அர்செனியின் தொப்பிக்குள்ளிருந்து ஒரு செருமல் வந்தது. எனக்கு நாவின் நுனி வரை ஒரு சொல் வந்துவிட்டது. நன்றி சொன்னால் செடி பட்டுப்போகும். பல்லைக் கடித்து விழுங்கினேன்.

வெனேரா திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். ஜன்னலைப் பார்த்தாள், பிறகு என்னை.

"காலையிலிருந்து கண்ணாடிப் பக்கமே சாயுதுங்க. சும்மாதானே நிக்கற, திருப்பி வை."

பதினான்கு பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன்.